ஜன்னல் பச்சை

வாங்க, உள்ள வாங்க. பாத்து, நெலை தணிஞ்சது, தலையில இடிச்சிராம. இந்தப் பூட்டு லேசா மக்கர் பண்ணும், சாவியை உள்ள விட்டு இப்படி மேல தூக்கித் திருப்பணும். ஆ, தொறந்துட்டு பாத்தியளா. இந்தாங்க, சாவி உங்க கையிலயே இருக்கட்டும், போகும்போது நீங்களே ஒருக்கா பூட்டிப் பாருங்க, பழகிரும். மூணு மாசமாப் பூட்டிக் கிடக்கு, அதான் இந்த வாடை. ரெண்டு நாள் தொறந்து போட்டுச் சாம்பிராணி காட்டுனாப் போயிரும்.

வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காவ. வீடு, சாவி, வாற ஆளு போற ஆளு எல்லாம் என் பொறுப்புதான். நான் அடுத்த வீடு. ஒத்தை ஆளு. தாலி கட்டுனவுக போயிச் சேந்து பன்னெண்டு வருசமாச்சு, பீடி சுத்திதான் பொழப்பு. பீடி இலையும் தூளும் வச்ச சொளகை மடியில வச்சுக்கிட்டே பேசுதேன்னு தப்பா நினைக்காதிய, சாயங்காலம் கடைக்குப் பீடி கொண்டு போகணும்.

நீங்க டீச்சர்னு சொன்னாவ. பாப்பா என்ன படிக்கா? ஒண்ணாப்பா? ம். ஒண்ணாப்பு.

அது ஒண்ணும் செய்யாது, என் வீட்டு நாய்க்குட்டிதான். யாரைக் கண்டாலும் பின்னால போகும். புறவாசல்ல விளையாடட்டும் ரெண்டும், நீங்க உக்காருங்க. ஜன்னலைத்தான பாக்கிய? வாறவங்க எல்லாரும் முதல்ல அந்த ஜன்னலைத்தான் பாக்காவ. பொங்கலுக்கு அடிச்சது. கிளிப்பச்சை. கொஞ்சம் கண்ணைக் குத்துதுதான். வேற கலர் மாத்தணும்னு வீட்டுக்காரர்கிட்டச் சொல்லியிருக்கேன்.

உங்களுக்கு முன்னால நாலு குடும்பம் வந்து பாத்துட்டுப் போயிட்டு. வீடு பிடிச்சிருக்குன்னு சொல்லுவாவ. முக்குல டீக்கடையில நின்னு விசாரிப்பாவ. அதோட சரி, திரும்பி வரமாட்டாவ. அவன் என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை நாய் கடிச்சுச் செத்துப்போச்சு, பக்கத்து வீட்டுக்காரி வளத்த நாய்னு சொல்லுதான். நீங்க அவன் வாயால கேக்கதுக்கு முந்தி நானே சொல்லிருதேன். உள்ளதை உள்ளபடி சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

முதல்ல ஒண்ணு. நான் வளத்த நாய்ங்கிறதே தப்பு. அது தெரு நாய். நான் சோறு வச்சேன், அவ்வளவுதான். சோறு வச்சா வளத்ததாயிருமா? அதுவா வந்துச்சு, அதுவா என் கட்டிலுக்குக் கீழ படுத்துச்சு. வெள்ளையா இருக்கும், அதனால வெள்ளச்சின்னு கூப்பிட்டேன். கூப்பிட்டா வரும். என் கையால வச்சாத்தான் திங்கும். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல்னா ஒரு வாரமும் பட்டினி கிடக்கும். ஆனாத் தெரு நாய்தான்.

இந்த வீட்டுல இருந்தவ பேரு ஆவுடைச்செல்வி. எட்டு வருசம் இருந்தா. கல்யாணமாகி வந்த மூணாம் நாளு, தோசைக்கல்லு இருக்காக்கான்னு என் வாசல்ல வந்து நின்னவ. பிள்ளை பிறந்தப்பம் நாப்பது நாளும் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டினது நான்தான். மதுஸ்ரீ. எல்லாருக்கும் மது. என்னைப் பெரிம்மான்னுதான் கூப்பிடுவா. அவங்க அப்பன் குமரேசன் லாரி ஓட்டப் போயிருவான், தாயும் பிள்ளையும் பாதி நேரம் என் வீட்டுலதான் கிடக்கும். அப்பேர்ப்பட்ட செல்வி, வீட்டைக் காலி பண்ணும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இந்தச் சாவி இருக்குல்ல, இதை என் கையில குடுக்கல. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கட்டச்சுவரு இருக்கு பாருங்க, அது மேல வச்சுட்டுப் போயிட்டா. நான் இந்தா நிக்கேன், கைக்கெட்டுத தூரத்துல. சுவத்து மேல வச்சுட்டுப் போறா. அதுதாம்மா எனக்குத் தாங்கல. மத்ததெல்லாம் விதி. இது மனுசி செய்யுதது.

தை மாசக் கடைசியில ஆட்டோவுல மைக்கைக் கட்டிட்டு வந்தாவ. உங்கள் பகுதியில் வெறிநாய்த் தடுப்பூசி முகாம், வீட்டு நாய் தெரு நாய் எல்லாத்துக்கும் இலவசம், குட்டி வயித்துல இருந்தாலும் போடலாம், பயப்பட வேண்டாம்னு. மைக்குல சொல்லுததெல்லாம் நடக்கா? அதுக்கு ரெண்டு வருசம் முந்தி இதே மாதிரிதான் வண்டி வந்துச்சு. நாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணித் திரும்பக் கொண்டாந்து விடுவோம்னாவ. அப்பம் எங்கிட்ட கருவாயன்னு ஒரு நாய் சோறு தின்னுட்டுக் கிடந்தான். போனவன் போனவன்தான். பத்து நாளு தட்டுல சோத்தை வச்சுட்டு வாசல்லயே இருந்தேன். வலையில சுருட்டித்தான் அவனைத் தூக்கிட்டுப் போனாவ.

வெள்ளச்சிக்கு அப்பம் வயித்துல குட்டி. வயிறு தரையைத் தொடுது. அதைப் போயி வலையைப் போட்டு அமுக்குனா குட்டி தங்குமா? நீங்களும் பிள்ளை பெத்தவங்கதான, சொல்லுங்க.

முத நாளு மேலத்தெருவுல போட்டாவ. பால் வாங்கப் போனப்பம் பாத்தேன். எல்லா நாயும் நெத்தியில பச்சைப் பொட்டு வச்சுட்டு அலையுது. ஊசி போட்டதுக்கு அடையாளம், போட்ட நாயைத் திரும்பப் பிடிக்காம இருக்கணும்லா. எனக்குன்னா சிரிப்பாணி தாங்கல. வீட்டுக்கு வந்து பானைக்குத் தண்ணி எடுக்கக் குனியுதேன், மூலையில அந்தப் பெயிண்ட் டப்பா. ஜன்னலுக்கு அடிச்சது போகக் காவாசி மிச்சம். அதே பச்சை. ஒரு சொட்டு வித்தியாசம் கிடையாது.

பழைய துணியில தொட்டு, வெள்ளச்சி நெத்தியில ரெண்டு விரல் அகலத்துக்கு இழுத்து விட்டேன். அது பாட்டுக்கு என் கையை நக்கிட்டு நிக்கி.

மறுநாள் நம்ம தெருவுக்கு வந்தாவ. வலையைத் தூக்கிட்டு ஒருத்தன் என் வாசல் வரைக்கும் வந்தான். வெள்ளச்சி படியில படுத்திருக்கு. பீடி நூலு கையை விட்டு நழுவுது. பாத்தான். "இது போட்டாச்சு சார்"னு பின்னால பாத்துக் குரல் குடுத்துட்டுப் போயிட்டான். பரீட்சையில பாசான பிள்ளை மாதிரி எனக்கு அம்புட்டு சந்தோசம். அன்னைக்கு வெள்ளச்சிக்கு முட்டை அவிச்சு வச்சேன்.

சாயங்காலம் செல்வி வந்தா. "யக்கா, வெள்ளச்சிக்கு ஊசி போட்டாச்சா? மது எந்நேரமும் அது கழுத்தைக் கட்டிக்கிட்டுல்ல கிடக்கா"ன்னு கேட்டா.

"நெத்தியைப் பாருட்டி"ன்னேன்.

பாத்தா. போயிட்டா. நான் பொய் சொல்லல, கேட்டியளா. போட்டாச்சுன்னு என் வாயால சொல்லல. நெத்தியைப் பாருன்னுதான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் நான் போட்டாச்சுன்னு சொன்னதா ஒருத்தரும் சொல்ல முடியாது.

மாசியில நாலு குட்டி போட்டுச்சு. நாலும் கொழுக்கு மொழுக்குன்னு. பாத்தியா, ஊசி கீசின்னு போட்டிருந்தா இப்படிப் பிறந்திருக்குமான்னு நினைச்சுக்கிட்டேன். குட்டி கண்ணு திறக்க முன்ன, ஒரு மத்தியானம், எங்கிட்டோ இருந்து தாட்டியா ஒரு நாய் வந்துச்சு. வாயில நுரை. குட்டிகிட்டப் போச்சு. வெள்ளச்சி விடுவாளா, பாஞ்சு விழுந்தா. பெத்தவள்லா. நான் விறகுக்கட்டையைத் தூக்கிட்டு ஓடி விரட்டுனேன். வெள்ளச்சிக்குக் காதுல கடி. மஞ்சளை வச்சுக் கட்டுனேன், பத்து நாள்ல ஆறிட்டு. வந்த நாயை மறுநாள் சந்தைப்பேட்டையில அடிச்சுக் கொன்னுட்டாவன்னு கேள்விப்பட்டேன். கண்டதையெல்லாம் கடிச்சதாம். நமக்கென்ன, காது ஆறிட்டுல்லான்னு விட்டுட்டேன்.

சித்திரை பிறக்க ரெண்டு நாளு இருக்கும்போது வெள்ளச்சி ஒரு மாதிரி ஆனா. கட்டிலுக்குக் கீழ போயி மூலையில ஒடுங்கிக் கிடக்கா. சோறு வச்சா மோந்துட்டுத் திரும்பிக்கிடுதா. குட்டி பால் குடிக்கப் போனா உறுமுதா. குலைக்குத சத்தமே வேற மாதிரி வருது, தொண்டையில எதுவோ மாட்டுன மாதிரி. வாயில எச்சி நூலு நூலா வடியுது. எலும்பு மாட்டிக்கிட்டுன்னுதான நினைப்போம்? தாடையைப் பிடிச்சு வாயைத் திறந்து, கையை உள்ள விட்டுப் பாத்தேன். ஒண்ணுமில்ல. கையை எடுக்கும்போது பல்லு உரசிட்டு, இந்தப் பெருவிரல்ல. பாருங்க, பீடி சுத்துத கை, வெடிப்பு வெடிப்பாத்தான கிடக்கும். எரிஞ்சுச்சு.

சித்திரை ரெண்டாந் தேதி. வருசப் பிறப்புக்கு எடுத்த பட்டுப் பாவாடையை மது கழட்டவே இல்ல, அதோட என் வீட்டுக்கு ஓடி வந்தா, கையில ஒரு பன்னு. "வெள்ளச்சி, இந்தா"ன்னு கட்டிலுக்குக் கீழ குனிஞ்சிருக்கா. நான் அடுப்படியில. கத்துதது கேட்டு ஓடியாந்து தூக்குனேன். புருவத்துக்கு மேல ஒரு கீறல். ரெண்டு பொட்டு ரத்தம். அவ்வளவுதான், சத்தியமா அவ்வளவுதான். சுண்ணாம்பு எடுத்து வச்சேன். பன்னு போச்சேன்னுதான் அழுதா, வலிக்குன்னு அழல.

செல்வி பதறி ஓடி வந்தா. பிள்ளையை அப்படியே இடுப்புல தூக்கிச் செருப்பை மாட்டிட்டா. "யக்கா, எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்துருதேன்"ன்னா.

தெருவே நிக்கி. எதிர் வீட்டுக்காரி, தண்ணி பிடிக்க வந்தவ, எல்லாரும் என் வாயைப் பாக்காவ. நான் என்னத்தச் சொல்லணுங்கிய? ஊசி போடாத நாய், நான்தான் பெயிண்டை அடிச்சு விட்டேன்னு அத்தனை பேரு முன்னால சொல்லணுமா? நகம் பட்டிருக்கும், பல்லு பட்டிருக்காதுன்னு எனக்குத் தோணிச்சு. அப்படித்தான் தோணிச்சு.

"நெத்தியைப் பாருட்டி"ன்னேன். "பச்சை மினுங்குது. இதுக்குப் போயி பச்சப் பிள்ளையை எதுக்கு ஊசியால குத்தணும்?"

செல்வி குனிஞ்சு பாத்தா. பாத்துட்டுச் செருப்பைக் கழட்டிட்டா.

அந்த மாசம் எனக்கு வேற டவுனுக்கு அலைச்சல். கைவலி, அது இதுன்னு மூணு நாலு தடவை பஸ் ஏறுனேன். மதுவுக்கு பஸ்ஸுன்னா உசுரு. நான் பையைத் தூக்குனாலே "நானும் வாறேன் பெரிம்மா"ன்னு முக்கு வரைக்கும் அழுதுட்டு வருவா. சவம், அது இருக்கட்டும். எதுல விட்டேன்?

ஆமா, வெள்ளச்சி. அதுக்கப்புறம் மூணு நாளு. பின்னங்காலு ரெண்டும் இழுத்துக்கிட்டு. தாடை தொங்கிட்டு. நான் கதவைச் சாத்தி உள்ளயே வச்சுக்கிட்டேன். என்னைப் பாத்துக்கிட்டேதான் உசுரு போச்சு. சாக்குல சுத்தி, குளத்தங்கரையில நானே குழி தோண்டிப் புதைச்சேன். தெருவுல கேட்டவங்ககிட்ட, பைபாஸ்ல லாரியில அடிபட்டுட்டுன்னு சொன்னேன். அப்படிச் சொன்னாத்தான பிள்ளைக்கும் செல்விக்கும் பயம் வராது? அவங்க நிம்மதிக்காகத்தான் சொன்னேன்.

மது மடியில வந்து படுத்துக்கிட்டு அழுதா. "ஊசி போட்டாச் சாவாதுன்னியே பெரிம்மா"ன்னு கேட்டா.

"லாரிக்கு ஊசி கிடையாதுட்டி"ன்னேன்.

அதுக்குச் சிரிச்சா. நல்லாச் சிரிச்சா. அந்தக் கீறல்ல பொருக்குத் தட்டி உதிர்ந்திருந்துச்சு. தழும்புகூட ஒழுங்காத் தெரியல. நானும் அப்பாடான்னு இருந்தேன்.

மே மாசம் ஒம்பதாந் தேதி காலையில, புருவத்துக்கிட்ட சுள்ளுசுள்ளுங்கு, அரிக்குன்னு சொறிஞ்சுக்கிட்டே இருந்தா. மேலு சுட்டுது. வெக்கை, கட்டி கிட்டி வரும்னு சந்தனம் பூசுனா செல்வி. மத்தியானம் தண்ணி வேணும்னு கேட்டா. டம்ளரைக் கிட்டக் கொண்டு போனதும் தலையைத் திருப்பிக்கிடுதா. "தாகமா இருக்கும்மா, ஆனா வேண்டாம்மா"ங்கா. திரும்பக் கேக்கா, திரும்பத் தட்டி விடுதா. அப்புறம் ஃபேனை அமத்துங்கன்னு கத்துதா. காத்துப் பட்டா உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. இந்தா, நீங்க உக்காந்திருக்க இதே இடம்தான், இங்கதான் பாயை விரிச்சிருந்தாவ.

நான் வாசல்ல நின்னேன். உள்ள போக முடியல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெள்ளச்சியும் இப்படித்தான தண்ணிச் சட்டியைக் கண்டா ஒடுங்குனா.

ஆஸ்பத்திரிக்குக் கூட நான்தான் போனேன். நான் இல்லாம செல்வி எங்க போயிருக்கா? டாக்டர் வந்து பாத்தாரு. நாய் எதுவும் கடிச்சதான்னு கேட்டாரு. "லேசாக் கீறுச்சு சார், ஒரு மாசம் இருக்கும். ஆனா அது ஊசி போட்ட நாய், நெத்தியில பச்சை இருந்துச்சு"ன்னு செல்வி சொல்லுதா. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை சொல்லுதா. பச்சை இருந்துச்சு சார், நானே பாத்தேன் சார். அந்த டாக்டர் எழுதிட்டு இருந்தவரு பேனாவை மூடி பையில வச்சாரு. இன்னும் எதுவோ எழுத வேண்டியதிருக்கும்னு நான் அவரு கையையே பாத்துட்டு நிக்கேன். எழுதல.

ரெண்டு நாளு. பதினொண்ணாந் தேதி காலையில கொண்டாந்துட்டாவ. பட்டுப் பாவாடையைத்தான் போட்டுவிட்டாவ.

சொல்லுததுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. எந்திரிக்காதிய, பாப்பா அங்கனதான் இருக்கா, சத்தம் கேக்குல்ல.

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தரு வந்தாரு. நாயைப் பத்தி விசாரிச்சாரு. குமரேசன்தான் பேசுனான். பச்சை எப்பம் வரைக்கும் இருந்துச்சுன்னு கேட்டாரு. "சாகுத வரைக்கும் இருந்துச்சு சார்"னு இவன் சொல்லுதான். "அது எப்படிங்க, எங்க சாயம் ரெண்டு வாரத்துல போயிரும். தையில வச்சது சித்திரை வரைக்கும் நிக்காதே"ன்னாரு. சொல்லிட்டுத் திரும்பி இந்த ஜன்னலைப் பாத்தாரு. பாத்தாரோ, காத்துக்குத் திரும்புனாரோ, எனக்கு அப்படித் தோணிச்சு. நான் தண்ணி பிடிக்கப் போயிட்டேன்.

அதுக்கு மறுநாள், பதிமூணாந் தேதி, நர்சு வந்துச்சு. பிள்ளை எச்சில் பட்டவங்க, வாயைத் துடைச்சவங்க, முத்தம் குடுத்தவங்க எல்லாரும் ஊசி போட்டுக்கிடணும்னு பேரு எழுதுது. செல்வி, குமரேசன், அவன் தாயி, தங்கச்சி. இந்த வீடு நிறையச் சனம். செல்வி அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா, மூணு நாளா வாயைத் திறக்கல. நர்சு என்கிட்ட வந்து, "யம்மா, நீங்களும் கூடவே இருந்தீங்களாம்லா, பேரு சொல்லுங்க"ன்னுச்சு.

எனக்கு எந்த நேரமோ தெரியல. "எனக்கு வேண்டாம், நான் போட்டுக்கிட்டேன்"னு வாயில வந்துட்டு.

"எங்க போட்டீங்க? சீட்டு இருக்கா?"

சுருக்குப்பையில இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். குடுக்காம இருந்திருக்கலாம். கவர்மெண்டு ஆளு கேட்டாக் குடுத்துத்தான பழக்கம்? அந்தப் பிள்ளை சின்ன வயசு, வெள்ளை மனசு, எல்லாருக்கும் கேக்கும்படி சத்தமா வாசிக்கு. "ஏப்ரல் பதினாறு, பத்தொம்பது, இருபத்திமூணு. மூணு முடிஞ்சிருக்கு. நாலாவது நாளைக்குப் போடணும்மா, மறந்துராதீங்க. தேதி தவறாமப் போட்டிருக்கீங்க. எல்லாரும் இந்த அம்மா மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல"ன்னு சொல்லுது. என்னைப் பாராட்டுது.

செல்வி நிமிந்து பாத்தா.

"பதினாறாந் தேதியா?"ன்னா.

"மதுவைக் கீறுனது பதினஞ்சு"ன்னா. அழல. ஏசல. என்னமோ கணக்குப் பாடம் சரி பாக்க மாதிரி கேக்கா. "யக்கா, பதினாறாந் தேதி நீங்க பஸ்ஸுக்குப் போறப்பம் மது முக்கு வரைக்கும் உங்க சீலையைப் பிடிச்சுட்டு வந்தா. நானும் வாறேன் பெரிம்மா, நானும் வாறேன்னு தரையில உக்காந்து அழுதா. நீங்க கையை உதறிட்டுப் போனிய. நான்தான் வந்து தூக்கிட்டு வந்தேன்."

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொல்லு பேசல. அன்னைக்கும் பேசல, இன்னைக்கும் பேசல.

நான் எப்படிம்மா கூட்டிட்டுப் போவேன்? எதுக்குப் போறீங்கன்னு செல்வி கேக்கமாட்டாளா? எனக்கு எதுக்கு ஊசின்னு அங்க கேட்டா, பிள்ளையும் பக்கத்துல நிக்கும், அது வந்து தாய்கிட்டச் சொல்லாதா? நாளைக்குச் சொல்லுவோம், அடுத்த ஊசிக்குப் போகும்போது அவளையும் கூட்டிட்டுப் போயிருவோம்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைச்சேன். என் மனசுல அது இருந்துச்சு. பத்தொம்பதாந் தேதி வாசல்ல இறங்கி, செல்வீன்னு கூப்பிட்டே கூப்பிட்டுட்டேன். என்னக்கான்னு கேட்டா. தண்ணி வந்தா எனக்கும் ரெண்டு குடம் பிடிச்சு வைட்டின்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

பதினாலாந் தேதி நாலாவது ஊசிக்குப் போனேன். போகாம? நர்சு அத்தனை பேரு முன்னால சொல்லியிருக்கால்லா. சன்னலோரத்து சீட்டு கிடைச்சது. பக்கத்துல ஆளு இல்ல. மடியில ஒண்ணுமில்ல. ரெண்டு கையையும் எங்க வைக்கன்னு எனக்குத் தெரியல. இறங்குத வரைக்கும் கையை இப்படி அந்தரத்துல வச்சுக்கிட்டே போனேன். கண்டக்டர் என்னம்மா மேலுக்கு முடியலையான்னு கேக்கான். அன்னைக்குத்தான் அழுதேன். அதுவரைக்கும் எனக்கு அழுகை வரல.

திரும்பி வந்தா வாசல்ல வண்டி நிக்கி, சாமான் ஏறுது. நான் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னேன். செல்வி கதவைப் பூட்டுனா. சாவியைச் சுவத்து மேல வச்சா. போயிட்டா. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்லா? மண்ணை வாரித் தூத்தியிருக்கலாம், செருப்பைக் கழட்டி அடிச்சிருக்கலாம், நான் வாங்கியிருப்பேன். எட்டு வருசப் பழக்கத்துக்கு ஒரு அடிகூடவா இல்ல? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

எங்க கிளம்பிட்டிய? இருங்க, வாடகை விசயமே பேசல, கிணத்தைப் பாக்கல. பாப்பாவா? அந்தா பாருங்க, குட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு என்னமாச் சிரிக்கா. இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு.

ஏம்மா, ஏன் பிள்ளையை அப்படி வெடுக்குன்னு தூக்குதிய? அது ஒண்ணும் செய்யாது. ஊசி போட்ட குட்டிம்மா. வெள்ளச்சி குட்டிதான், மூணைக் கேட்டவங்களுக்குக் குடுத்துட்டேன், இது ஒண்ணை வச்சுக்கிட்டேன். மூணு மாசம் ஆன அன்னைக்கே நாலையும் கூடையில வச்சு ஆட்டோவுல கொண்டு போயிப் போட்டேன். அதோட நெத்தியை ஏன் அப்படிப் பாக்கிய? நெத்தியில ஒண்ணும் இருக்காது. பச்சை எல்லாம் கிடையாது. இது நெசமாப் போட்டது. அட்டை இருக்கு, டாக்டர் கையெழுத்து இருக்கு, ஒரு நிமிசம் நில்லுங்க, எடுத்துட்டு வந்துருதேன். இந்த சொளகை வச்சுட்டு ஓடி வாறேன்.

யம்மா. டீச்சரம்மா. போகணும்னாப் போங்க, நான் பிடிச்சா வைக்கப் போறேன்? போயிட்டு வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சாவி, சாவி உங்க கையில இருக்கு. இங்க கொண்டாங்க. இந்தா, கையை நீட்டிட்டுத்தான நிக்கேன்.

அங்க வைக்காதிய. சுவத்து மேல வைக்காதியம்மா.